எத்தினை பேருக்கெண்டு வாங்கிறது

தம்பி, உந்த அடுப்பை வாங்காதையும்.

குறை நினையாதையும். நீங்கள் ரெண்டு பேரும் தமிழிலை கதைச்சது காதிலை விழுந்தது, அதுதான் கிட்ட வந்தனான். உந்தப் பெரிசைத்தானே சுத்திச் சுத்தி வாறீர்? மூடியை ஒருக்காத் திறந்து பாரும். பாத்தீரே? ஒரு முழு ஆட்டைப் படுக்க விடலாம். போன வருஷம் ஏப்ரலிலை, பனி முழுக்கக் கரைய முந்தி, நானும் இதே இடத்திலை நிண்டு இதே மாதிரித்தான் திறந்து பாத்தனான். பாத்த உடனை மனம் அதிலை போயிட்டுது.

வீட்டிலை எத்தினை பேர்? நீங்கள் ரெண்டு பேரும், மாமா மாமியும். நாலு. தங்கச்சியைப் பாத்தால், கோவியாதையும் பிள்ளை, ஒண்டு வரப்போகுது போலை கிடக்கு. சந்தோஷம். அப்ப அஞ்சு. ஆனால் அது இறைச்சி கடிக்க இன்னும் காலம் கிடக்கு. நாலெண்டே வையும்.

நாலு பேருக்கு உது தேவையில்லைத் தம்பி. இந்த பெலெட் அடுப்பு என்னெண்டு வேலை செய்யுமெண்டு தெரியும்தானே? தெரியாதோ? மரத்தூளை அமத்திச் செய்த சின்னக் குச்சியள்தான் பெலெட். உந்தா, பக்கத்திலை இருக்கிற பெட்டிக்குள்ளை கொட்டிவிட்டால், அடுப்பே கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளை தள்ளி எரிக்கும். கரண்ட் வேணும். எவ்வளவு சூடெண்டு அமத்திவிட்டால் தானே பாத்துக்கொள்ளும். புகையும் மணமும் அந்தமாதிரி இருக்கும். நல்ல சாமான். சாமானை நான் குறை சொல்லேல்லை. ஆனால் பெரிசெண்டால், ரெண்டு கோழித்தொடையை வைச்சாலும் அந்த முழு வயித்தையும் சூடாக்கத்தான் வேணும். காத்தடிச்சால் இன்னும் கூடப் பெலெட் தின்னும். அவ்வளவு பெரிய தட்டிலை நடுவிலை ரெண்டு துண்டு கிடக்க, சுத்திவர சும்மா கிடக்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். இறைச்சியும் காஞ்சு போகும்.

கடையிலை நிக்கிற பிள்ளையளைக் கேட்டால், விருந்துக்கு எத்தினை பேர் வருவினமெண்டு பாத்து வாங்குங்கோ எண்டுதான் சொல்லுவினம். அது பிழை. விருந்து எத்தினை நாளைக்கு வரும்? புதன்கிழமை பின்னேரம் வேலையாலை வந்து எத்தினை பேர் மேசையிலை இருக்கிறியளோ, அதுதான் கணக்கு.

என்ரை வீட்டிலை புதன்கிழமை ரெண்டு பேர். நானும் மனுசியும். அவவின்ரை பேர் சறோ. மகள் கல்கரியிலை. சறோ அண்டைக்கு இந்த இடத்திலை நிண்டு இதைத்தான் சொன்னவ. "இஞ்சாருங்கோ, எங்களுக்கு உந்தச் சின்னனே காணும்."

"எங்களுக்கெண்டால் ஆருக்கு?" எண்டு கேட்டன். "எங்கடை சனத்தை விட்டிட்டே கணக்குப் பாக்கிறாய்?"

அவ சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு அங்காலை போயிட்டா. அவ அப்பிடித்தான். சொல்ல வேண்டிய நேரத்திலை சொல்ல மாட்டா.

சனமெண்டால் என்ரை தம்பி ரூபன், தங்கச்சி தவம், அவையின்ரை குடும்பங்கள். ரெண்டு பேரையும் இங்கை எடுப்பிச்சது நான். அதைச் சொல்லிக்காட்டிறன் எண்டு நினையாதையும். நடந்ததைச் சொல்லிறன். நான் எண்பத்தேழிலை வந்தனான். கார்ச் சாமான் செய்யிற பக்டறியிலை முப்பது வருஷம். முதல் தவத்தை எடுத்தன். ரூபன் கடைசிப் பிள்ளை, எனக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அவன் சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து வெளியிலை வந்த பிறகுதான் எடுக்க முடிஞ்சுது. ஒரு சின்ன பாக்கோடை வந்து இறங்கினவன். என்ரை வீட்டுக் கீழ் அறையைக் குடுத்தன். வேலை எடுத்துக் குடுத்தன். கலியாணம் பேசினது நான். யசோ, அவன்ரை மனுசி, அவவைப் பாத்துப் பேசினதும் நான்தான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை எண்டுதான் நானும் நினைச்சனான்.

ஞாயிறெண்டால் எல்லாரும் எங்கடை வீடுதான். வேறை இடமில்லை. நான் ஒருத்தரையும் வாவெண்டு கேக்கிறதில்லை. வருவினம். ஒருக்கா தவத்தின்ரை மனுசன், எங்களுக்கு இண்டைக்கு வேறை அலுவல் எண்டு சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை உமக்கென்ன அலுவல் எண்டு கேட்டன். வந்திட்டார். அப்பிடி ஒற்றுமையாய் இருந்த குடும்பம் தம்பி. இந்த ஊரிலை பாத்திருக்க மாட்டீர்.

அதுக்குத்தான் பெரிசு வாங்கினது. எனக்கெண்டோ வாங்கினன்? நான் ஒரு துண்டு தின்னிற ஆள். கொலஸ்ட்ரோல்.

கொண்டுவந்து பின் வளவிலை வைச்ச அண்டைக்கு, ரூபன்தான் வந்து பூட்டித் தந்தவன். காலைப் பூட்டி, தட்டைக் கொழுவி, எல்லாம் முடிச்சுப்போட்டுச் சுத்திப் பாத்தான். "அண்ணை, கொஞ்சம் பெரிசாய் எடுத்திட்டியளோ?" எண்டான். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவன்.

"உன்ரை பிள்ளையள் வளர வளரத் தெரியும்" எண்டன்.

நல்லாய்த்தான் போச்சுது. மே, யூன் எல்லாம் நல்லாய்த்தான் போச்சுது. நான் விடிய எழும்பி இறைச்சிக்குத் தூள் பிரட்டி வைப்பன். எங்கடை கறித்தூள்தான், அதோடை கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. ஆட்டுத்தொடை முழுசாய் வைச்சால் மெல்ல மெல்ல வேக வேணும். அவசரப்படுத்தேலாது. அதுக்கு நான் ஒரு ஒழுங்கு வைச்சிருந்தன். அடுப்பு மூட்டினால் மூடியைத் திறக்கப்படாது. திறந்தால் சூடு இறங்கும், பிறகு ஏற நேரமெடுக்கும். ஆரும் கை வைக்கப்படாது. அஞ்சு மணிக்கு எல்லாரும் ஒண்டாய் இருந்து சாப்பிடுறது. இது பிழையோ? நீரே சொல்லும். ஒரு வீட்டிலை ஒருத்தன் ஒழுங்கு வைக்கத்தானே வேணும்.

சின்னனுகள் கொஞ்சம் முணுமுணுக்குங்கள்தான். அதுகளுக்குச் சறோ பிஸ்கற் குடுப்பா.

பிள்ளை, நீர் ஏன் நிக்கிறீர்? உந்தக் கதிரை விக்கிறதுக்கு வைச்சதுதான், பரவாயில்லை, இரும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.

யூலையிலை அந்த ஞாயிறு சரியான வெக்கை. மூண்டு தொடை, மேல் தட்டிலை கோழி. அண்டைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் மூட்டினது, பெலெட் முடிஞ்சு வாங்கப் போனதாலை. அப்ப ஆறு மணியாகும் எண்டு சொன்னன். ரெண்டரை, மூண்டு மணிபோலை யசோ வந்தா.

"அத்தான், பிள்ளையளுக்கு ரெண்டு கோழித்துண்டு எடுக்கலாமோ? காலமையும் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை."

"கொஞ்சம் பொறுங்கோ. மூடி திறக்கேலாது. எல்லாரும் ஒண்டாய்ச் சாப்பிடுவம்" எண்டு பண்பாய்த்தான் சொன்னன். அவவும் ஓமெண்டு போயிட்டா.

நான் உள்ளை போய் முகம் கழுவிக்கொண்டு வாறன், ரூபன் மூடியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறான். கையிலை இடுக்கி. பக்கத்திலை பீங்கான். புகை எல்லாம் வெளியிலை போகுது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

"ஆரைக் கேட்டடா திறந்தனீ?"

"பிள்ளையளுக்குப் பசிக்குதண்ணை."

"பசியோ? பசியைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்?"

இவ்வளவுதான் நான் சொன்னது. இதிலை ஒரு சொல்லுக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

நான் சொன்ன கருத்து என்ன? என்ரை வீட்டுக்கு வந்த நாளிலை இருந்து அவனைப் பசியோடை ஒரு நாளும் விட்டதில்லை, அதுதானே கருத்து? சறோவைக் கேட்டுப் பாக்கலாம். இரவு வேலை முடிச்சு அவன் வந்தாலும் கோப்பையிலை மூடி வைச்சிருப்பா. அதைத்தான் நான் சொன்னது. வெக்கையிலை நிண்டவன்ரை வாயிலை சொல்லுக் கொஞ்சம் முன்னைப் பின்னை வரும். அதை அவை என்னெண்டு எடுத்தவை தெரியுமோ?

ரூபன் வன்னியிலை கடைசி மட்டும் நிண்டவன். முள்ளிவாய்க்கால் மட்டும். கஞ்சிக்கு வரிசையிலை நிண்டவன் எண்டு ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டனான். என்ன திண்டவன், எத்தினை நாள் தின்னாமல் கிடந்தவன், எனக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்யிறது? வந்திட்டான், தப்பிட்டான், இனி அதைக் கிளறுவான் ஏன்? நான் அதை நினைச்சே சொன்னன்? நான் மூடியைப் பற்றிச் சொன்னன் தம்பி. மூடியைப் பற்றி.

அடுப்புக்குள்ளை பெலெட் விழுற சத்தம் மட்டும் கேக்குது. தவம் என்னைப் பாத்த பார்வையைப் பாக்க வேணும். கூடப்பிறந்தவள். சறோ தேத்தண்ணித் தட்டோடை வந்தவ, அப்பிடியே கதவடியிலை நிண்டிட்டா.

ரூபன் கோவிக்கேல்லை. கோவிச்சிருந்தால் நான் ரெண்டு பேச்சுப் பேசி முடிச்சிருப்பன். கோவிக்கேல்லை. மூடியை மெதுவாய்ச் சாத்தினான். இடுக்கியைக் கொக்கியிலை கொழுவினான். "ஓமண்ணை" எண்டான்.

அவன் எழும்பிப் போகவுமில்லை. அதுதான் எனக்கு விளங்காதது. ஆறு மணி மட்டும் நிண்டவன். இறைச்சியை வெட்டினதே அவன்தான், நான் வெட்டினால் கோணல்மாணலாய் வருமெண்டு எப்பவும் அவன்தான் வெட்டிறது. எல்லாருக்கும் போட்டுக் குடுத்தான். என்ரை பீங்கானிலை நல்ல துண்டாய்ப் பாத்து வைச்சான். தான் மட்டும் ஒரு பீங்கானும் எடுக்கேல்லை. எனக்கு அது பிறகுதான் தெரியும். சறோ சொல்லித்தான் தெரியும். அண்டைக்கு இரவு சட்டி கழுவிக்கொண்டு நிக்கேக்கை, "ரூபன் சாப்பிடேல்லை" எண்டா. அவ்வளவுதான் சொன்னா. தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னதாலை எனக்கு முதல் கேக்கவுமில்லை, திரும்பக் கேட்டன். திரும்பச் சொன்னா.

அடுத்த ஞாயிறு ஒருத்தரும் வரேல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சலாம். தவம் வீட்டிலை ஆரோ விருந்தாளியாம். சரி, இருக்கும்தானே எண்டு விட்டிட்டன். அதுக்கடுத்த ஞாயிறும் ஏதோ சாட்டு. நான் விடேல்லை. நான் வழமைபோலை மூட்டினன். மூண்டு தொடை, கோழி. வந்தால் என்ன செய்யிறது? வந்து நிண்டால் வெறும் அடுப்பைக் காட்டுறதோ? சறோ கேட்டா, "ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு?" எண்டு. நீ பேசாமல் இரு எண்டன். அஞ்சு மணிக்குக் கதிரை எல்லாம் போட்டு வைச்சன். ஆறு மணிக்கு நானும் அவவும் இருந்து சாப்பிட்டம். அவ்வளவு கதிரைக்கு நடுவிலை. பக்கத்து வீட்டுப் பிலிப்பினோச் சனம் நல்ல சனம், அவைக்குச் சறோ கொண்டுபோய்க் குடுத்தா. பிறகு முன் வீட்டுக்கு. பிறகு குடுக்க ஆளில்லை. பிரீசர் முழுக்க ஆட்டிறைச்சி தம்பி, மூடேலாமல் கிடந்தது.

பிறகுதான் கேள்விப்பட்டன், ரூபன் தனக்கு ஒரு அடுப்பு வாங்கியிருக்கிறானாம்.

என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ஒரு செருப்பு வாங்கிறதெண்டாலும் முந்தி, "அண்ணை எந்தக் கடையிலை நல்லது" எண்டு கேக்கிறவன். என்ன வாங்கியிருக்கிறான் தெரியுமோ? உந்தா, அந்த மூலையிலை கிடக்குது பாரும், மேசையிலை வைக்கிற சின்னன். சூட்கேஸ் மாதிரி. கடைக்காரன் நாலு பேருக்கெண்டு எழுதி வைச்சிருக்கிறான். நாலு பேர். அவன், யசோ, ரெண்டு பிள்ளையள். விளங்குதே? ஒருத்தன் நாலு பேருக்கு அளவாய் ஒரு அடுப்பு வாங்கினால் அதுக்கு என்ன கருத்து? இனி என்ரை குடும்பம் இதுதான் எண்டு சொல்லிறான். என்ரை முகத்துக்கு நேரை சொல்லேலாமல் சாமானை வாங்கி வைச்சுச் சொல்லிறான். யசோதான் சொல்லியிருப்பா. அவன் தானாய் அப்பிடி யோசிக்க மாட்டான்.

நான் அப்பிடித்தான் நினைச்சன். ஆனால் நடந்தது வேறை. ஞாயிறெண்டால் இப்ப எல்லாரும் அங்கை. தவம் குடும்பமும் அங்கை. ஓகஸ்டிலை ஒரு நாள் சறோ சீலை மாத்திக்கொண்டு வாறா.

"எங்கை?"

"ரூபன் வீட்டை. பிள்ளையளைப் பாத்துக் கன நாளாச்சு. நீங்களும் வாங்கோவன்."

"அவன் என்னைக் கூப்பிட்டவனோ?"

"அவன் எங்கடை வீட்டை எத்தினை வருஷமாய் வந்தவன்? நீங்கள் ஒருக்காலும் கூப்பிட்டதில்லையே" எண்டா.

இப்பிடித்தான் கதைக்கிறா இப்ப. தவம் வந்து றோட்டிலை நிண்டு ஹோர்ன் அடிப்பா. உள்ளை வரமாட்டா. சறோ போய் ஏறுவா.

ரெண்டு மூண்டு கிழமை பொறுத்துப் பாத்தன். பிறகு ஒரு ஞாயிறு, தொடை ஒண்டை நல்லாய் வேக வைச்சு, வெட்டி, அலுமினியத் தட்டிலை போட்டு மூடிக்கொண்டு போனன். ரூபன் இருக்கிறது ஏஜக்ஸிலை. வரிசை வீடு. பின்னாலை ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். பக்கத்து றோட்டிலை காரை விட்டால் வேலிக்கு மேலாலை எல்லாம் தெரியும். ஒளிச்சுப் பாக்கப் போகேல்லை. கார் விட அங்கைதான் இடமிருந்தது.

தம்பி, நீர் அதைப் பாத்திருக்க வேணும். அந்தச் சின்னன் அடுப்பிலை ஒருக்கா வைச்சால் அஞ்சு ஆறு துண்டுதான். அது வெந்து எடுக்க, அடுத்தது வைக்க, சனம் எல்லாம் பீங்கானோடை சுத்தி நிக்குது. முதல் பிள்ளையளுக்கு. பிறகு பெரியாக்களுக்கு ஒவ்வொருத்தராய். வரிசை. முகாமிலை நிக்கிற மாதிரி வரிசை. ஒருத்தருக்கு வந்தால் மற்றவர் பாத்துக்கொண்டு நிக்க வேணும். இடையிலை பாணைப் பிச்சுத் தின்னுகினம். கதைக்கினம், ஆளையாள் தட்டிச் சிரிக்கினம். பசியைச் சமாளிக்கத்தானே. யசோ மூடியை எத்தினை தரம் திறக்கிறா எண்டு எண்ணி முடியாது. சூடு நிக்குமோ? ஆனால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.

சறோ ஒரு வாளியைக் கவிட்டு வைச்சு அதிலை இருக்கிறா. அவ்வளவு கதிரை எங்கடை வீட்டிலை கிடக்க, வாளியிலை. ரூபன் ஏதோ சொல்ல, வாயைத் திறந்து சிரிக்கிறா. உடம்பு குலுங்கக் குலுங்க. அவவுக்கு அப்பிடிச் சிரிக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது. முப்பத்திநாலு வருஷம் ஒரு வீட்டிலை இருக்கிறம்.

நான் காருக்குள்ளையே இருந்தன். ரூபன் எப்பிடியோ கண்டிட்டான். இடுக்கியோடை வந்தான்.

"என்னண்ணை காருக்குள்ளை இருக்கிறியள்? இறங்குங்கோ."

"உது காணுமோடா இவ்வளவு சனத்துக்கும்?"

"காணுமண்ணை. ஆறுதலாய்த்தான் சாப்பிடுவம். ஒருத்தருக்கும் அவசரமில்லை."

"இதைக் கொண்டுபோய்க் குடு" எண்டு தட்டை நீட்டினன்.

ரெண்டு கையாலையும் வாங்கினான். சூடு. கையை மாத்தி மாத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். "வாங்கோ அண்ணை. வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ. சறோ மச்சாளும் நிக்கிறா."

அவன்ரை முகத்திலை ஒரு கோவமுமில்லை. கோவம் இருந்தால் நான் இறங்கியிருப்பன் எண்டு நினைக்கிறன். தெரியாது. "எனக்கு வேலை கிடக்கு" எண்டு சொல்லிக் காரை எடுத்திட்டன். என்ன வேலை? அடுப்பை நிப்பாட்டாமல் வந்திட்டன், அதுதான்.

பின்னேரம் சறோ தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைச்சா. "எல்லாரும் சாப்பிட்டவை. நல்லாய் இருந்ததாம்" எண்டா. பிறகு சொன்னா, "ரூபன் கடைசியாய்த்தான் சாப்பிட்டவன். எல்லாரும் சாப்பிட்டாச்சோ எண்டு ஒவ்வொருத்தரையும் கேட்டுப்போட்டு. எப்பவும் அப்பிடித்தானாம். உங்கடை தட்டிலை கிடந்த கடைசித் துண்டை எடுத்தவன்."

கேட்டீரே தம்பி? கடைசித் துண்டு. அவனுக்கே காணாது. அந்தச் சின்னனை வைச்சுக்கொண்டு தன்ரை வயித்துக்கே காணாமல் நிக்கிறான், வெக்கத்திலை சொல்ல மாட்டான்.

பனிக்காலம் முழுக்க ரூபன்ரை அந்தச் சின்ன வளவுக்குள்ளைதான் கிடந்தவை. வெளியிலை பனி கொட்டுது, ரூபன் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிண்டு சுடுறானாம். சறோ ஒரு கிழமையும் விடேல்லை. வந்து ஒண்டும் சொல்ல மாட்டா, சீலையிலை மட்டும் புகை மணக்கும். எங்கடை அடுப்பை உறை போட்டு மூடிப்போட்டன். மகள் போன் எடுத்து, "அப்பா, சித்தப்பாவோடை கதைச்சீங்களா?" எண்டு கேக்கிறாள். நான் கதைக்க மாட்டன் எண்டு சொன்னதே இல்லை. அவன் கதைச்சால் நான் கதைப்பன்.

சறோ ஒருக்காச் சொன்னா. "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அவன் அவ்வளவுதான் எதிர்பாக்கிறான். அதுவும் எதிர்பாக்கிறானோ தெரியாது."

"என்ன சொல்லு?" எண்டு கேட்டன். உண்மையாய்த்தான் கேட்டன் தம்பி, சண்டைக்குக் கேக்கேல்லை. "என்ன சொல்லெண்டு நீயே சொல்லன், நான் போய்ச் சொல்லிறன்."

"அதை நான் சொல்லித் தந்தால் அது என்ரை சொல்லு" எண்டுபோட்டு எழும்பிப் போயிட்டா.

அதை யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். பக்டறியிலை முப்பது வருஷம் நிண்டனான். என்ன பழுதெண்டு சொன்னால் திருத்துவன். சொல்லாட்டி எதைத் திருத்திறது? சொல்லு காத்தோடை போற சாமான். பொருளெண்டால் கண்ணுக்கு முன்னாலை நிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பாப்பான், அண்ணை தந்ததெண்டு.

அதுக்குத்தான் இண்டைக்கு வந்தனான்.

ஓம், அவனுக்கு ஒரு அடுப்பு வாங்கத்தான். வேறை ஆருக்கு? எனக்குத்தான் இருக்கே. அதைக் குடுக்கலாமே எண்டு நினைப்பீர். சறோவும் கேட்டவ. பாவிச்சதைத் தம்பிக்குக் குடுக்கிறதோ? அதோடை, அதைக் குடுத்திட்டு நான் இருக்க, ஒரு ஞாயிறு எல்லாரும் வந்து நிண்டால் என்ன செய்யிறது?

என்ன பிள்ளை கேக்கிறீர்? அவர் கேட்டவரோ எண்டோ?

அவன் எண்டைக்குப் பிள்ளை என்னட்டைக் கேட்டவன்? ஒண்டும் கேட்டதில்லை. விமான ரிக்கற் கேட்டவனோ? அறை கேட்டவனோ? நான் பாத்துப் பாத்துச் செய்தது. கேட்டுச் செய்யிறதுக்கு நான் என்ன கடைக்காரனோ?

அவன்ரை வளவிலை இடம் இருக்கோ எண்டோ கேக்கிறீர்? இருக்கு. அந்தப் பூச்சட்டியளை எடுத்திட்டால், சனம் நிக்கிற இடத்திலை ஒரு பக்கத்தை எடுத்தால் இருக்கும். சனம் நிக்கத் தேவையில்லையே பிறகு. எல்லாருக்கும் ஒரேயடியாய் வெந்திடும். இருந்து சாப்பிடலாம். ஏன் நீங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் பாக்கிறியள்?

சரி, நேரம் போகுது. அங்கை வண்டிலோடை கடையாள் வாறார். எது எண்டு காட்டினால் காரிலை ஏத்தித் தருவினம். அதுதான் நிண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான், உங்களைக் காண முந்தி. உந்தப் பெரிசு பத்துப் பேருக்கெண்டு போட்டிருக்கு. அங்காலை கிடக்கிறது நடுவிலான், எட்டு ஒன்பது பேருக்குக் காணும். இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

எண்ணிப் பாப்பம். ரூபனும் யசோவும் பிள்ளையளும் நாலு. தவம் வீட்டிலை நாலு. எட்டு. சறோ. அவ இனி போறதை நிப்பாட்டமாட்டா, போய்க்கொண்டுதான் இருப்பா. இப்பவும் அங்கைதான், இண்டைக்கு ஞாயிறுதானே. ஒன்பது.

என்னைப் போட்டால் பத்து.

அவன் அண்டைக்கு வாங்கோ எண்டு சொன்னவன்தான். ரெண்டு தரம் சொன்னவன். ஆனால் அது போன வருஷம். ஆக்கள் வாசலிலை நிண்டால் ஆரும் வாங்கோ எண்டுதானே சொல்லுவினம்? எனக்கு அந்தக் கணக்குத்தான் தம்பி பிடிபடுகுதில்லை. என்னைப் போடாட்டி நடுவிலான் காணும்.

நீரே சொல்லும். கடையாள் வந்திட்டார். எதைக் காட்டுறது?